கடிகாரத்துக்குப் பின்னால்

— சீ! கருமம்! மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது டேஷ்போர்டா இல்ல எலிப் பொந்தா?

— ஐயய்ய... என்னண்ணா அது? செத்துக் கெடக்குதா?

— பல்லி. காஞ்சு கருவாடா பூட்சு. அது பத்தலன்னு எலிப் புழுக்க, பிஸ்கட்டுத் தூளு, யாரு முடியோ ஒரு கொத்து. உவ்வே! இத்தினி வருசமா கார் எலெக்ட்ரிக் வேல பாக்குறேன், சாக்கடைல கை வுட்டாக்கூட இம்மாம் நாறாது.

— நான் மூக்கப் பொத்திக்கிட்டேன். நீங்க பாருங்கண்ணா. எனக்கு அந்தக் கடிகாரம் ஓடினா போதும்.

— அத்தக் கயட்டத்தான் இத்த எல்லாம் தாண்டிப் போறேன். எங்காளு இன்னிக்கி வர்ல, நீங்கதான் டார்ச்சு புடிக்கணும். இன்னும் கொஞ்சம் கீய. ஆங், அப்பிடியே. இன்னொரு தபா சொல்லுங்க, இன்னா பண்ணுது கடிகாரம்?

— சாவியப் போட்டா ஓடுது. ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டா பன்னெண்டுலேருந்து ஆரம்பிக்குது. காலைல ஆபீஸ் கெளம்பும்போதும் பன்னெண்டு, சாயந்திரம் திரும்பும்போதும் பன்னெண்டு.

— வண்டிக்குள்ள எப்பவும் உச்சி வெயிலுன்னு சொல்லு.

— சிரிக்காதீங்கண்ணா. முகப்பேர்ல எங்க ஃப்ளாட் பக்கத்துலயே ரெண்டு கடைல காட்டிட்டேன். ஒருத்தர் பேட்டரியவே மாத்தினாரு. இன்னொருத்தர், பழைய வண்டி மேடம், கடிகாரம் செத்துப்போச்சு, மேல ஒண்ணு வாங்கி ஒட்டிக்கோங்கன்னாரு. எங்க ஆபீஸ் ராகேஷ்தான் சொன்னான், நசரத்பேட்டைல ஹைவேஸ விட்டு எறங்கினா கஜபதின்னு ஒருத்தர் ஷெட் வெச்சிருக்காரு, வேல சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்னு.

— அந்தப் பேமானியா அப்பிடிச் சொன்னான்? அவன் வண்டி ஹாரனு தானா அட்ச்சிகினு தெருவே எய்ந்து வந்து திட்ன அன்னிக்கி நான்தான் சரி பண்ணி வுட்டேன், அப்ப என் வாய் நீளம்னு தெரியலியா அவனுக்கு? வரட்டும்.

— நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.

— சொல்ல மாட்டேன், வுடு. கேக்குறேன்னு கோச்சுக்காத மேடம். கைல போன் வெச்சிகினு கீற. அதுலயே மணி காட்டுது. இந்தப் பழைய கடிகாரத்துக்கு இம்மாம் தூரம் வந்து, வெயில்ல நின்னு, இந்த நாத்தத்த மோந்துகினு... இன்னாத்துக்கு?

— வேணும்ணா.

— அதான் இன்னாத்துக்குன்றேன்.

— ஆபீஸ் அம்பத்தூர்ல. சாயந்திரம் வீட்டுக்குப் போற வழில கொரட்டூர் ஏரிக்கரைல வண்டிய நிறுத்துவேன். கொஞ்ச நேரம்தான். போன ஆஃப் பண்ணிடுவேன். ஆபீஸ்ல கூப்பிடுவாங்க, வீட்டுக்காரர் கூப்பிடுவாரு, எங்கம்மா கூப்பிடுவாங்க. அந்த நேரத்துல ஒருத்தரும் வேணாம். கண்ணாடிய எறக்கிட்டுத் தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அந்தக் கடிகாரத்தப் பாத்துத்தான் கெளம்புவேன். இப்ப அது பன்னெண்டுன்னே நிக்குதா, மணி பாக்க போன ஆன் பண்ண வேண்டியிருக்கு. ஆன் பண்ண உடனே அத்தனை பேரும் காருக்குள்ள வந்துர்றாங்க.

— ம். நியாயம்தான். நானும் ஊட்டுக்குப் போறப்ப தெருமுனைல வண்டிய நிறுத்திட்டு சும்மா கொஞ்ச நேரம் ஒக்காருவேன். ராதிகா, எம் பொஞ்சாதி, குடிச்சிட்டு ஒக்காந்துகினு கீறேன்னு நெனச்சுக்கும். தோ... வந்துச்சு! கயண்டுகிச்சு. மேடம், கடிகாரத்துல ஒரு கொறையும் இல்ல. கல்லு மாதிரி கீது. அப்ப இன்னாத்துக்கு... சீ சீ சீ! எந்த நாசமாப் போறவன் இந்த வேலையப் பண்ணான்?

— என்னண்ணா?

— டார்ச்ச இங்க காட்டு. இந்தச் செவப்பு ஒயரு தெரிதா? இது பேட்டரிலருந்து நேரா வர்றது. சாவி இல்லாட்டியும் இதுல கரெண்டு இருந்துகினே இருக்கும். கடிகாரம் மணிய மறக்காம இருக்குறதே இதாலதான். இத்தப் பாதில அறுத்து வேற எங்கியோ இழுத்துகினு பூட்டான். கடிகாரத்தக் கொண்டு போயி சாவி ஒயர்ல முடிஞ்சு வுட்டுகீறான். நீ சாவிய ஆஃப் பண்ணா அதுக்கு மூச்சு நின்னுரும். மறுபடி போட்டா புச்சாப் பொறந்த மாதிரி பன்னெண்டு. அவ்ளோதான் மேட்டரு.

— அறுத்த எடம் பல்லால கடிச்ச மாதிரி இருக்கே.

— பல்லாலதான் கடிச்சுகீறான்! மேல இன்னா சுத்திகீறான் பாரு, புக்கு ஒட்ற டேப்பு. தீப்புடிச்சா நீ உள்ளயே வெந்துடுவ. இவனெல்லாம் ஒயருல கை வெக்கலாமா? த்தூ!

— அந்த அறுத்த ஒயரு எங்க போவுது?

— இரு, புடிச்சிகினே போறேன். ஸ்டியரிங்குக்கு அடில... பெடலுக்கு மேல... நல்லா உள்ள... எலிகூட இங்க வராது. ம்...

— என்ன ம்?

— ஒண்ணும் இல்ல.

— அண்ணா.

— மேடம், இந்த வண்டி யாரு பேர்ல கீது?

— என் பேர்லதான். எங்க ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவர் ஒருத்தர்கிட்ட, என் சம்பளத்துல வாங்கினது. ஏன்?

— லோனுல வாங்கினதா? லோன் குடுக்குறவங்க சில நேரம் வெப்பாங்க.

— லோன் எதுவும் இல்ல. என்னத்த வெப்பாங்க?

— ஓட்றது யாரு?

— நான் மட்டும்தான். என்னண்ணா இருக்கு அங்க?

— கைய நீட்டு. தோ. தீப்பெட்டி கணக்கா கீதா? இதுக்குள்ள ஒரு சிம் கார்டு கீது. வண்டி எங்க போவுது, எங்க நிக்குது, எம்மாம் நேரம் நிக்குது, எல்லாத்தையும் இது சொல்லிகினே இருக்கும். எவனோ போன்ல மேப்பு போட்டுப் பாத்துகினு கீறான். லாரிக்கு வெப்பாங்க, கால் டாக்சிக்கு வெப்பாங்க. மேடம்? மேடம், டார்ச்சு கீய உய்ந்துச்சு.

— பச்சையா மினுக்குதுண்ணா.

— உயிரோட கீது.

— எடுத்துக்கோங்க. என் கைலேருந்து எடுத்துக்கோங்கண்ணா, ப்ளீஸ். அந்தச் செத்த பல்லியக்கூடத் தொட்டுடுவேன் போலருக்கு, இதத் தொட முடியல.

— குடு. தண்ணி குடிக்கிறியா? அந்த ஸ்டூல்ல ஒக்காரு. பழைய ஓனரு வெச்சதா இருக்கும். அவருக்கே மறந்து போயிருக்கும்.

— அவர்கிட்ட வாங்கினப்போ கடிகாரம் நல்லா ஓடிச்சு. வாங்கினப்புறமும் ரொம்ப நாள் ஓடிச்சு. அது நின்னது... ஏசிக்கு கேஸ் ஏத்திட்டு வந்தப்புறம்தான்.

— யாரு ஏத்திகினு வந்தது?

— எங்க வீட்டுக்காரரு. ஜெகதீஷ். ஞாயித்துக்கெழம. நீ ரெஸ்ட் எடு எழில், நான் போயிட்டு வந்துர்றேன்னாரு. வெயில்ல போறாரேன்னு நான் பூரி போட்டு வெச்சேன். திரும்பி வந்து சாப்பிட்டாரு. இன்னும் ரெண்டு போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. பூரிண்ணா! இத இங்க வெச்சுட்டு வந்து கையக் கழுவிட்டு என் கையால பூரி சாப்பிட்டிருக்காரு!

— அவசரப்படாத தங்கச்சி. ஏசிக் கடக்காரனே எதுனா...

— ஏசிக் கடைக்காரனுக்கு நான் எங்க போறேன்னு தெரிஞ்சு என்ன ஆவணும்?

— அது கரெக்டு.

— இப்பதான் புரியுது. போன மாசம் கொசு கடிக்காம இருக்க ஒரு க்ரீம் வாங்கிட்டு வந்து, இத கார்ல வெச்சுக்கன்னு குடுத்தாரு. கார்ல எனக்கு எதுக்கு கொசு க்ரீம்னு யோசிச்சேன். சரி, ஆசையா வாங்கிட்டு வந்திருக்காருன்னு தேங்க்ஸ் சொன்னேன். கொசு இருக்குற எடத்துல நான் உக்கார்றது அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாளும் ஏரின்னு சொன்னதே இல்லண்ணா.

— ஏன் சொல்லல?

— சொல்ல என்ன இருக்கு அதுல? சும்மா உக்கார்றதுக்கெல்லாம் ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போவணுமா?

— நான் தப்பா கேக்கல.

— அண்ணா, ஒண்ணு கேக்குறேன். நீங்க வெச்சுக் குடுத்திருக்கீங்களா, இந்த மாதிரி?

— லாரிக்கு வெச்சுகீறேன்.

— கார்ல?

— கார்லயும்தான்.

— பொண்டாட்டி ஓட்ற கார்ல?

— வர்றவன் யாரு ஓட்றாங்கன்னு சொல்லிகினா வர்றான்? வண்டியக் கொண்டாந்து வுட்டுட்டு, தெரியாத எடமாப் பாத்து வை தலன்றான். நானும் வெக்கிறேன்.

— தெரியாத எடம்னு அவன் சொல்லும்போதே உங்களுக்குத் தெரியாது?

— தெரியும்.

— சீ!

— திட்டு. ஆனா ஒண்ணு, நான் வெச்சிருந்தா உன் கடிகாரம் நின்னிருக்காது.

— அத வேற பெருமையாச் சொல்றீங்க!

— இல்ல... வாய்ல வந்துடுச்சு. தப்பா வந்துடுச்சு. எம் பொண்ணு மோகனப்பிரியா பூந்தமல்லில வேலைக்கிப் போவுது, ஸ்கூட்டில. ராதிகா என்னியப் புடுங்கி எடுத்துட்டா, ஊருக்கெல்லாம் வெக்கிறியே, நம்ம பொண்ணு வண்டில ஒண்ண வைன்னு. ஒரு நாள் ஸ்கூட்டியக் கொண்டாந்து ஒக்காந்தே பூட்டேன். ஒரு கைல பொட்டி, ஒரு கைல ஒயரு.

— வெச்சீங்களா?

— அன்னிக்கிப் பாத்து கரெண்டு கட்டு. ஒயர ஒட்ட ஈயம் உருக்கி வெக்க முடியல. நாளைக்கிப் பாத்துக்கலாம்னு எடுத்து வெச்சேன், அப்பால மறந்து பூட்டேன். அவ நல்ல பொண்ணுன்றதால வெக்காம வுட்டேன்னு உன்னாண்ட சொல்லலாம். ஆனா கரெண்டு இல்லாததாலதான் வெக்கல.

— உங்களயும் திட்டணும்னுதான் இருக்கு. எனக்குத் தெம்பு இல்ல. அந்த ஒயரப் புடுங்குங்க.

— புடுங்கினா அவரு போன்ல மணி அடிக்கும், கரெண்டு போச்சுன்னு. இதுக்குள்ள சின்னதா ஒரு பேட்டரி வேற கீது. தனியாக் கெடந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் இருக்குற எடத்தக் காட்டிகினேதான் இருக்கும். பரவால்லியா?

— அடிக்கட்டும். காட்டட்டும்.

— தோ, புடுங்கிட்டேன். இப்ப உன் செவப்பு ஒயரக் கொண்டாந்து கடிகாரத்துல ஒழுங்கா வெக்கிறேன். ஈயம் வெச்சு, டேப்பு சுத்தி... போன் அடிக்குது பாரு.

— அதுக்குள்ளயா? அவர்தான். ஐயோ, இத எடுத்துக் காதுல வெக்க என்னால முடியாதுண்ணா.

— ஸ்பீக்கர்ல போட்டு பானெட்டு மேல வை. நான் அப்பால போயிடட்டா?

— வேணாம், இங்கயே இருங்க. யாராச்சும் ஒருத்தர் கேக்கணும். ஹலோ? சொல்லு ஜெகா.

— எழில்! பிஸியா? சும்மாதான் கூப்பிட்டேன். சாப்டாச்சா?

— இல்ல.

— எங்க இருக்க?

— ஆபீஸ்ல.

— ஆபீஸ்லயா?

— ஆமா. மீட்டிங் நடுவுல வந்து எடுத்தேன். ஏன் ஜெகா?

— இல்ல... அம்பத்தூர் ஆபீஸ்லயா?

— எனக்கு எத்தன ஆபீஸ் இருக்கு?

— எழில், ஏன் பொய் சொல்ற?

— நான் பொய் சொல்றேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அது... பின்னாடி லாரி ஹாரன் கேக்குது.

— பொட்டி வெளிய வந்துருச்சு ஜெகா. என் கண்ணு முன்னாலதான் இருக்கு. பச்சையா மினுக்கிட்டு.

— ஓகே. ஓகே. கூல். லாஜிக்கலா யோசி எழில். அது ஒரு சேஃப்டிக்கு, சரியா? பழைய வண்டி. எங்கயாவது நடு ரோட்ல நின்னுட்டா நான் வரணும்ல?

— நின்னுட்டா நான் போன் பண்ணுவேன்.

— எப்படிப் பண்ணுவ? போனத்தான் ஆஃப் பண்ணி வெச்சிடறியே! தினமும் சாயந்திரம் ஏரிக்கரை ஓரமா வண்டி நிக்குது, போன் ஸ்விட்ச் ஆஃப். என் எடத்துல இருந்து யோசி. எந்தப் புருஷனா இருந்தாலும் என்ன நெனைப்பான்?

— இன்னா நெனச்ச?

— லோக்கலா பேசாத எழில்.

— பருத்திப்பட்டுல பொறந்தவ லோக்கலாத்தான் பேசுவா. இன்னா நெனச்ச, சொல்லு.

— நீ யாரையோ மீட் பண்றன்னு நெனச்சேன். ஓப்பனா சொல்லிட்டேன், சரியா?

— அப்போ வந்து பாத்திருப்பியே.

— அத விடு இப்ப.

— வந்து பாத்தியா இல்லியா?

— வந்தேன். ஒரு நாள் லீவு போட்டுட்டு. எதிர்ல ஒரு டீக்கடை இருக்குல்ல, அங்க நின்னு பாத்தேன்.

— கூட யாரு இருந்தா?

— யாரும் இல்ல. நீ மட்டும்தான் உக்காந்திருந்த. கண்ணாடிய எறக்கிவிட்டுட்டு முறுக்கு சாப்பிட்டுட்டு இருந்த. சாப்பிட்டு முடிச்சுக் கையத் துப்பட்டால தொடச்ச.

— அதையும் பாத்தியா?

— பாத்துட்டு எவ்வளவு நிம்மதியா வீட்டுக்குப் போனேன் தெரியுமா? எழில் தப்பு பண்ணலன்னு சந்தோஷமா போனேன். அன்னிக்கு நைட்டு உனக்குப் புடிக்கும்னு பிரியாணி வாங்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? அதுக்குத்தான்.

— தப்பு பண்ணாததுக்குப் பிரியாணியா?

— நான் அப்படிச் சொல்லல.

— சரி, நான் தப்பு பண்ணலன்னு கண்ணால பாத்துட்ட. அப்புறம் ஏன் இத வண்டிலேருந்து எடுக்கல?

— எடுக்கணும்னுதான் நெனச்சேன்...

— ஏன் எடுக்கல?

— பழகிடுச்சு எழில். சாயந்திரம் மேப்பத் தொறந்தா ஏரி ஓரமா உன் புள்ளி நிக்கும். அதப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி... நானும் உன் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். சத்தியமா. தப்பா எடுத்துக்காத.

— ஐயோ... சீ!

— எழில்!

— இந்த ஊர்ல எனக்குன்னு ஒரே ஒரு எடம் இருந்துச்சு. அங்க நான் மட்டும்தான் இருக்கேன்னு நெனச்சிகினு இருந்தேன். நீ ஒரு வார்த்த கேக்காம வந்து பக்கத்துல உக்காந்துகினு இருந்திருக்க. நான் குளிக்கும்போது ஜன்னல் வழியா எட்டிப் பாத்த மாதிரி இருக்குது எனக்கு. உடம்பெல்லாம் இன்னாவோ ஊருது.

— நான் உன் புருஷன் எழில். எவனோ இல்ல.

— எவனோன்னா செருப்பால அடிச்சிட்டுப் போயிருப்பேன். நீன்றதுதான் கொமட்டிகினு வருது.

— நீயா சொல்லியிருக்கலாம்ல? ஜெகா, எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னு ஒரு தடவையாவது சொன்னியா? சொல்லியிருந்தா இதெல்லாம் எதுக்கு?

— சொன்னா நானும் வரேன்னு சொல்லியிருப்ப.

— வந்தா என்ன தப்பு?

— பாத்தியா? அதுக்குத்தான் சொல்லல. நீ வந்தப்புறம் அது அந்த எடம் இல்ல. உனக்கு இது புரியவே புரியாது. நான் வெக்கிறேன்.

— எழில், வீட்டுக்கு வா, உக்காந்து பேசலாம், சரியா? வரும்போது அந்தக் கடைக்காரன்கிட்ட டிவைஸ மறக்காம வாங்கிட்டு வா, அது வெல ஜாஸ்தி...

— அண்ணா, அத ஆஃப் பண்ணுங்க. அந்தச் செவப்ப அமுக்குங்க.

— அமுக்கிட்டேன். த்தூ! மறக்காம வாங்கிகினு வரணுமாம்! இவன் வாய வுட்டுட்டு எனக்குத்தான் வாய் நீளம்ன்றான் அந்த ராகேஷு. தங்கச்சி, தோ எதிர்ல பாரு. டீ குடிச்சிகினு கீறானே லாரி டிரைவரு, சின்னப்பையன்னு பேரு, நம்ம ஆளுதான். ஓசூருக்கு லோடு ஏத்திகினு போறான். அவன் லாரிக்கு அடில இந்தப் பொட்டியக் கட்டி வுட்றேன். உங்காளு மேப்பப் பாத்துகினே கிருஷ்ணகிரி வரிக்கும் ஓடட்டும்.

— வேணாம்ணா.

— ஜாலியா இருக்கும்.

— அப்பவும் அவரு என்னத்தானே தேடி ஓடுவாரு? இங்கயே அந்தப் பல்லியோட சேத்துக் குப்பைல போடுங்க. தானா அணையட்டும்.

— போட்டாச்சு. கடிகாரமும் முடிஞ்சுது. சாவியத் திருப்பு. ஆங், மணிய வை. இப்ப சாவிய எடு. மறுபடி போடு.

— மறக்கலண்ணா! வெச்ச மணி அப்படியே இருக்கு.

— இனிமே மறக்காது. மொகத்தக் கழுவிக்கோ, அங்க கொழாயில தண்ணி வரும். அப்பால எங்க போற? ஏரிக்கா?

— ஏரிக்கு எப்படிண்ணா போவேன்? அங்க போனா இனிமே தண்ணியப் பாக்க மாட்டேன், அந்த டீக்கடயத்தான் பாத்துட்டிருப்பேன். துப்பட்டால கையத் தொடைக்கக்கூட யோசிப்பேன். அதையும் கெடுத்துட்டாரு.

— ஊட்டுக்கு?

— முகப்பேருக்கு இன்னிக்குப் போவ மாட்டேன். அந்த மூஞ்சியப் பாத்தா வாந்தி வந்துரும். பருத்திப்பட்டுக்குப் போறேன், எங்கம்மாகிட்ட. அவங்க ஒரு கேள்வி கேக்க மாட்டாங்கண்ணா. ஏன் வந்த, எப்பப் போவ, எதுவும் கேக்க மாட்டாங்க. சோத்தப் போட்டுக் குடுத்துட்டு அவங்க வேலயப் பாப்பாங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அங்க போயிக் கொஞ்ச நேரம் கால நீட்டிப் படுத்தாப் போதும்.

— நல்லது. போ. மொதல்ல ஒரு போன் போட்டுச் சொல்லிடு, பெரியவங்க பயந்துக்கப் போறாங்க.

— ம், போடறேன். ஸ்பீக்கர்லயே இருக்கட்டும், கையெல்லாம் அழுக்கு. ரிங் போவுது. ஹலோ, அம்மா?

— சொல்றா கண்ணு.

— நான் வீட்டுக்கு வரேம்மா. ரெண்டு நாள் அங்கதான் இருப்பேன்.

— வா, வா. இத்தக் கேக்கணுமா இன்னா? வஞ்சிரம் வாங்கியாந்து கழுவிகினு இருந்தேன், உன் நேரம் பாரு.

— அம்மா, அவரு உனக்குப் போன் பண்ணாரா இப்ப?

— மாப்ளயா? இல்லியே. அவராண்ட பேசி ரெண்டு மூணு நாளாவுது. ஏன், சண்டயா?

— வந்து சொல்றேன்.

— சொல்லாட்டியும் போவுது போ. நீ வந்தா போதும் எனக்கு.

— நீ ஒருத்திதாம்மா என்ன நிம்மதியா விடற. எங்க இருக்க, என்ன பண்றன்னு ஒண்ணுமே கேக்காம.

— கேக்குறதுக்கு இன்னா கீது கண்ணு, எனக்குத்தான் எல்லாம் தெரிதே! காலைலருந்து உன் காரு நசரத்பேட்டயிலயே நின்னுகினு கீது, இன்னாவோ ரிப்பேருன்னு நெனச்சிகினேன்; பூந்தமல்லிக்குள்ள நொழையாத, ரிங் ரோடு புடிச்சி வா, நான் மாப்ளயாண்ட கெஞ்சி என் போன்லயும் அந்த மேப்பப் போட்டு வாங்கினதுலருந்து அடுப்பாண்டகூட அத்தத்தான் வெச்சிகினு கீறேன், ஏரிக்கரைல நீ ஒண்டியா ஒக்காந்துகினு இருக்கறப்பகூட உங்கம்மா உன் கூடயேதான் கீறேன்.